வாலண்டியர்கள் நடத்துற கான்ஃபரன்ஸ்ல சாப்பாட்டுச் செலவைக் குறைக்கிறது எப்படி? முழுமையான வழிகாட்டி

வாலண்டியர்களே சேர்ந்து நடத்துற கான்ஃபரன்ஸோட பட்ஜெட் ஷீட்டைத் திறந்தா, ஹால் வாடகைக்கு அடுத்தபடியா, சில நேரம் அதையும் தாண்டி நிக்கிறது சாப்பாட்டுச் செலவுதான். அதைப் பார்த்ததும் டீம்ல எல்லாரும் மெனுவைக் கையில எடுத்துக்கிட்டு இந்த ஐட்டம் வேணாம், ஸ்வீட்டைத் தூக்கு, அளவைக் கம்மி பண்ணுன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அதுல மிஞ்சுறது ரொம்பக் கொஞ்சம், ஆனா வந்தவங்க முகம் சுளிச்சுட்டுப் போயிடுவாங்க. பணம் உண்மையில ஓடுறது மூணு வழியில: வராத ஆளுக்குச் சேத்து ஆர்டர் பண்ணது, யாருமே எதிர்பார்க்காத வேளைக்கெல்லாம் போட்டது, அப்புறம் கான்ட்ராக்ட்ல நாம படிக்காம விட்ட சார்ஜுங்க. தட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி இந்த மூணுலயும் கை வைங்க, முக்காவாசி நேரம் அதுக்கப்புறம் தட்டைத் தொடவே வேண்டியிருக்காது.

கீழ சொல்றது எல்லாம் 50 பேர் மீட்டப்ல இருந்து 500 பேர் வர்ற ரெண்டு மூணு நாள் கான்ஃபரன்ஸ் வரைக்கும் பொருந்தும். வரிசை முக்கியம், ஏன்னா முதல் ரெண்டு மூணு படியை லேட்டா பண்ணா அதுல ஒண்ணும் மிச்சம் ஆகாது.

படி 1: சாப்பாடு போட்டே ஆகணுமான்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இதை ஒரு மீட்டிங்ல உக்காந்து பேசாமலே நிறைய டீம் "கான்ஃபரன்ஸ்னா சாப்பாடு இருக்கணும்ல" அப்படின்னு நேரா கேட்டரர்கிட்ட போயிடுறாங்க. பிரஸ்ஸல்ஸ்ல வருஷா வருஷம் நடக்கிற ஃபாஸ்டெம்ங்கிற ஓப்பன் சோர்ஸ் (யார் வேணா எடுத்துப் பார்த்து மாத்திக்கக்கூடிய மென்பொருள்) மாநாட்டை எடுத்துக்கோங்க, அதுவும் வாலண்டியர்கள் நடத்துறதுதான், நுழைவு இலவசம், ரெஜிஸ்ட்ரேஷன் கூடக் கிடையாது, ஆயிரக்கணக்குல ஆளுங்க வர்றாங்க, எல்லாருக்கும் யாரும் மதியச் சாப்பாடு போடுறதில்லை. வளாகத்துல விக்கிற இடங்கள்ல அவங்கவங்க காசு குடுத்து வாங்கிச் சாப்பிட்டுக்கிறாங்க. அதனால அந்த மாநாட்டோட மதிப்பு குறைஞ்சிடல. இன்னொரு பக்கம் டெபியன்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செய்யிற குரூப்போட டெப்கான்ஃப் மாநாடு இருக்கு, அங்க சாப்பாடு, தங்குமிடம், பயணம் இதுக்கெல்லாம் பர்சரி, அதாவது உதவித்தொகை வெச்சிருக்காங்க, தேவைப்படுறவங்க அப்ளை பண்ணி வாங்கிக்கலாம். அதாவது எல்லாருக்கும் எல்லாமும் ஃப்ரீன்னு இல்லாம, யாருக்குத் தேவையோ அங்க பணம் போகுது.

உங்களுக்கு முன்னாடி நாலு வழி இருக்கு. ஒண்ணு, சாப்பாடே போடாம மதிய இடைவேளையை நல்லா நீளமா விடுறது. ரெண்டு, காபி டீ ஸ்நாக்ஸ் மட்டும். மூணு, மதியச் சாப்பாடு ஒண்ணு மட்டும். நாலு, முழுசா எல்லா வேளையும். முதல் வழியைத் தேர்ந்தெடுக்கணும்னா நடந்து போற தூரத்துல போதுமான கடைங்க இருக்கணும், அதை நேர்ல போய்ப் பார்க்கணும், கான்ஃபரன்ஸ் நடக்கிற அதே கிழமையில, அதே மதிய நேரத்துல போய்ப் பாருங்க, ஏன்னா வார நாள்ல திறந்திருக்கிற கடை வார இறுதியில மூடியிருக்கும். அந்தக் கடைக்காரங்ககிட்ட முன்கூட்டியே "இந்தத் தேதில இத்தனை பேர் வருவாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவங்களும் தயாரா இருப்பாங்க. இடைவேளை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையவே கூடாது, ரெண்டு மணி நேரம் விட்டா இன்னும் நல்லது, இல்லைனா மத்தியானம் முதல் செஷன்ல பாதி சீட் காலியா இருக்கும்.

எந்த வழியா இருந்தாலும் ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கிற அன்னைக்கே தெளிவா எழுதிடுங்க. சாப்பாடு இல்லைங்கிறதை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, இருக்கும்னு நம்பி வந்து இல்லாமப் போனாதான் கோவம் வரும்.

படி 2: டைம்டேபிளை வெச்சே செலவைக் குறைங்க

இது எல்லாரும் கோட்டை விடுற இடம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 200 பேர், ரெண்டு நாள், காலைச் சாப்பாடு, முற்பகல் டீ, மதியம், சாயந்திரம் டீ, ராத்திரின்னு ஒரு நாளைக்கு அஞ்சு வேளை. மொத்தம் 2000 பரிமாறல். இப்போ கான்ஃபரன்ஸை காலைல 10 மணிக்கு ஆரம்பிச்சு சாயந்திரம் 5 மணிக்கு முடிச்சீங்கன்னா காலையும் ராத்திரியும் தானாவே விழுந்துடும், 1200 ஆயிடும். அதோட உண்மையில வரப்போறது 150 பேர்னு சரியா கணிச்சீங்கன்னா 900. மெனுல ஒரு ஐட்டம் கூட மாத்தாம பாதிக்கும் கீழ வந்தாச்சு. எல்லா வேளையும் ஒரே விலை இல்லைங்கிறது உண்மைதான், ஆனா கணக்கு போற திசை இதுதான்.

சாயந்திரம் டீ பத்தி ஒரு விஷயம். கடைசி செஷனுக்கு அரை மணி முன்னாடி வைக்கிற பிரேக் பெரும்பாலும் வீண், அதுக்குள்ள கொஞ்சம் பேர் கிளம்பியிருப்பாங்க, மத்தவங்க முடிஞ்சதும் போயிடலாம்னு இருப்பாங்க. அதை எடுத்துட்டு மதிய இடைவேளைக்கும் முடிவுக்கும் சரியா நடுவுல ஒரே ஒரு பிரேக் வைங்க. கடைசி நாளை மதியத்தோட முடிச்சுட்டா இன்னும் நல்லது, தூரத்துல இருந்து வந்தவங்க எப்படியும் மதியம் கிளம்பத்தான் பார்ப்பாங்க.

படி 3: ஹால் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிங்க

வாடகை கம்மியா இருக்குன்னு ஒரு ஹாலை புக் பண்ணிட்டு, அப்புறமாதான் தெரியும், வெளிச் சாப்பாடு உள்ள வரக்கூடாது, அவங்க கேட்டரர்கிட்டதான் வாங்கணும்னு. வாடகைல விட்டதை சாப்பாட்டுல ரெண்டு மடங்கா எடுத்துடுவாங்க. அதனால ஹால்களை ஒப்பிடும்போது வாடகையை மட்டும் வெச்சு ஒப்பிடாதீங்க, வாடகையும் உங்க ஆளுங்களுக்கான சாப்பாடும் சேர்த்து ஒரே தொகையா போட்டுப் பாருங்க. வாடகை கூட இருந்தாலும் வெளிச் சாப்பாடு கொண்டு வரலாம்னு சொல்ற இடம் பல சமயம் மொத்தத்துல மலிவா வரும். கல்லூரி, நூலகம், சமூகக் கூடம் மாதிரி இடங்கள்ல இந்தச் சுதந்திரம் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஹோட்டல்ல கம்மி.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேட்டு, பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க:

- வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா? முழுச் சாப்பாட்டுக்கு இல்லைனாலும் ஸ்நாக்ஸ், பழம், தண்ணிக்கு உண்டா? ஸ்பான்சர் இலவசமா குடுக்கிற பொருளைக் கொண்டு வந்தா அதுக்குச் சார்ஜ் உண்டா?
- குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பாடு வாங்கியே ஆகணும்னு ஏதாவது கண்டிஷன் இருக்கா? ஆள் கம்மியா வந்தா மீதியை யார் கட்டணும்?
- விலைக்குப் பக்கத்துல "++" போட்டிருக்கா? அப்படின்னா சர்வீஸ் சார்ஜும் வரியும் தனி. நீங்க பார்க்கிற விலை நீங்க கட்டப்போற விலை இல்லை.
- கடைசி எண்ணிக்கையை எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?
- மேசை, துணி, கழுவுறது, குப்பை எடுக்கிறது, பரிமாறுற ஆளுங்க இதெல்லாம் விலைல அடக்கமா, தனியா?
- மிஞ்சினதை நாம எடுத்துட்டுப் போகலாமா?

பேரம் பேசுறதுக்கான நேரமும் இதுதான். கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் உங்க கைல ஒண்ணும் இல்லை. விலையைக் குறைங்கன்னு கேக்கிறதை விட, குறிப்பா ஏதாவது கேளுங்க: இந்த மினிமம் தொகையை இவ்வளவு குறைச்சுக்கலாமா, காபிக்கு மட்டும் நாங்களே ஏற்பாடு பண்ணிக்கலாமா, கடைசி எண்ணிக்கையை 7 நாளுக்குப் பதிலா 3 நாள் முன்னாடி சொல்லலாமா. பொதுவா விலைக் குறைப்பை விட இந்த மாதிரி விஷயத்துக்கு சீக்கிரம் சரின்னு சொல்வாங்க, உங்களுக்கும் இதுலதான் லாபம் அதிகம். நீங்க லாபம் பார்க்காத வாலண்டியர் குரூப்னு சொல்லத் தயங்காதீங்க, சில இடங்கள்ல அதுக்குன்னே தனி ரேட் வெச்சிருப்பாங்க, கேட்டாதான் குடுப்பாங்க.

படி 4: எண்ணிக்கை, எண்ணிக்கை, எண்ணிக்கை

இந்த வழிகாட்டில ஒரே ஒரு படியைத்தான் பண்ண முடியும்னா இதைப் பண்ணுங்க.

ரெஜிஸ்டர் பண்ணவங்க எண்ணிக்கையும் வர்றவங்க எண்ணிக்கையும் வேற வேற. டிக்கெட் இலவசம்னா மூணுல ஒரு பங்கு பேர் வராமப் போறது சாதாரணம், பாதி பேர் வராமப் போன ஈவெண்ட்டும் உண்டு. காசு குடுத்து டிக்கெட் வாங்கினவங்க பெரும்பாலும் வந்துடுவாங்க. இந்த இடைவெளியை எந்த அளவுக்குச் சரியா கணிக்கிறீங்களோ அந்த அளவுக்குப் பணம் மிஞ்சும், இதுக்குக் கொஞ்சம் உழைப்பைத் தவிர வேற செலவே இல்லை.

ஃபார்ம்லயே ஆரம்பிங்க. "சாப்பாடு வேணுமா"ன்னு பொதுவா கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் போடுவாங்க. ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனி டிக் பாக்ஸ் வைங்க, முன்கூட்டியே டிக் பண்ணி வைக்காதீங்க, வேணுங்கிறவங்க அவங்களே டிக் பண்ணட்டும். "முதல் நாள் மதியம்", "ரெண்டாவது நாள் மதியம்"னு பிரிச்சுக் கேட்டா ஒரு நாள் மட்டும் வர்றவங்க தானா தெரிஞ்சுடுவாங்க.

அடுத்தது, நுழைவு இலவசமா இருந்தாலும் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு சின்னத் தொகை வாங்குறதைப் பத்தி யோசிங்க. முழு விலையும் வாங்கணும்னு இல்லை, பாதி வாங்கினாக் கூடப் போதும், காசு குடுத்தவங்க ஒண்ணு வருவாங்க, இல்லைனா வரலைன்னு முன்கூட்டியே சொல்வாங்க. குடுக்க முடியாதவங்களுக்கு ஒரு ஃப்ரீ கூப்பன் கோடு வைங்க, ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வியும் கேக்காதீங்க, மாணவரா வேலை இல்லாதவரான்னு நிரூபிக்கச் சொல்லாதீங்க. சாப்பாட்டுக்காக ஒருத்தர் கூச்சப்பட்டுக்கிட்டு நம்ம கான்ஃபரன்ஸுக்கு வராமப் போகக்கூடாது, இதுல எனக்கு வேற கருத்தே கிடையாது.

அப்புறம் ரீகன்ஃபர்ம் மெயில். கேட்டரருக்குக் கடைசி எண்ணிக்கை சொல்ற தேதிக்கு நாலஞ்சு நாள் முன்னாடி அனுப்புங்க, கான்ஃபரன்ஸுக்கு முந்தின நாள் அனுப்பி பிரயோஜனமே இல்லை. மெயில் சின்னதா இருக்கட்டும், ரெண்டே ரெண்டு பட்டன், "வரேன்", "வர முடியல". வர முடியலைன்னு சொல்றவங்களைக் குத்திக்காட்டுற மாதிரி ஒரு வரியும் வேணாம், நன்றி சொல்லுங்க, ஏன்னா அவங்க உங்களுக்குக் காசு மிச்சம் பண்ணிக் குடுக்கிறாங்க. வெயிட்டிங் லிஸ்ட் இருந்தா அந்த இடத்தை அப்பவே அடுத்தவங்களுக்குக் குடுத்துடலாம்.

இப்போ கணக்கு. 200 பேர் ரெஜிஸ்டர் பண்ணியிருக்காங்க, போன தடவை 70% வந்தாங்கன்னு வெச்சுக்குவோம், அப்போ 140. ஸ்பீக்கர்களையும் வாலண்டியர்களையும் இந்த சதவீதத்துல சேக்காதீங்க, அவங்க கிட்டத்தட்ட எல்லாரும் வருவாங்க, 35 பேர்னா 35-ஐ அப்படியே கூட்டுங்க. மொத்தம் 175. நிறைய கேட்டரருங்க நீங்க சொன்ன எண்ணிக்கைக்கு மேல 3ல இருந்து 5% வரைக்கும் கூடுதலா செஞ்சு வெப்பாங்க, உங்க கேட்டரர் அப்படிப் பண்ணுவாரான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. பண்ணுவார்னா 175-க்கு 170னு சொன்னாலே போதும், 5% சேத்தா 178 வந்துடும். நீங்க பயத்துல ஒரு பத்து சதவீதம் கூட்டி, ரெஜிஸ்ட்ரேஷன் பாக்குறவரும் பத்து சதவீதம் கூட்டிக் குடுத்து, அதுக்கு மேல கேட்டரரும் கூட்டினா, மிஞ்சுறதை யாராலயும் சாப்பிட்டுத் தீர்க்க முடியாது. கூடுதல் சேக்கிற வேலையை ஒரே ஒரு ஆள் மட்டும் பண்ணணும், அது யாருன்னு முதல்லயே பேசி வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, கடைசி எண்ணிக்கை சொன்னதுக்கு அப்புறம் பொதுவா கூட்டலாம், குறைக்க முடியாது. அதனால சந்தேகம் இருந்தா கீழ் எண்ணிக்கையைச் சொல்லிட்டு, கடைசி நேரத்துல எத்தனை வரைக்கும் கூட்ட முடியும்னு கேட்டு வெச்சுக்கோங்க.

ரெண்டாவது நாளுக்கு முதல் நாள் எண்ணிக்கையை அப்படியே போடாதீங்க, பெரும்பாலும் குறையும். முதல் வருஷம்தான் நடத்துறீங்க, பழைய கணக்கே இல்லைன்னா இதே மாதிரி கான்ஃபரன்ஸ் நடத்தின டீம்கிட்ட கேளுங்க, இந்த மாதிரி கணக்கைப் பகிர்ந்துக்க யாரும் தயங்கி நான் பார்த்ததில்லை.

படி 5: மெனு

இப்பதான் மெனுவுக்கு வர்றோம், இங்க ஒரே ஒரு விதி: ஐட்டங்களோட எண்ணிக்கையைக் குறைங்க, தரத்தையும் அளவையும் குறைக்காதீங்க. ஆறு ஐட்டம் வெச்சா ஆறும் தீர்ந்துடக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கூட செய்யணும், ஆறுலயும் மிஞ்சும். மூணு வெச்சா மூணுலதான் மிஞ்சும்.

எல்லாரும் சாப்பிடக்கூடிய ஒரு மெயின் ஐட்டத்தைப் பொதுவா வைக்கிறதுதான் பெரிய மிச்சம். பருப்பு, பயறு, காய்கறி, தானியம் வெச்சு செய்யிற, பால் முட்டை கூடச் சேக்காத ஒரு நல்ல சாப்பாடு இருந்தா சைவக்காரங்க, வீகன், பால் ஒத்துக்காதவங்க எல்லாருக்கும் அதுவே ஆயிடும், தனித்தனியா மூணு ஸ்பெஷல் தட்டு வேணாம். பொதுவா இறைச்சியை விட மலிவாவும் வரும். அதுல கோதுமை, பார்லி, ரை மாதிரி குளூட்டன் இருக்கிற தானியம் இல்லாமப் பார்த்துக்கிட்டா குளூட்டன் ஒத்துக்காதவங்களுக்கும் ஆச்சு. இறைச்சி வேணும்னு டீம் நினைச்சா அதைத் தனியா, கடைசில, யாராவது ஒருத்தர் நின்னு பரிமாறுற மாதிரி வைங்க. ஹலால், கோஷர் (யூத மத உணவு முறை) கேக்கிறவங்களுக்கு சைவம் இருக்கேன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க, சிலருக்கு சமையல் பாத்திரத்துல இருந்து எல்லாமே பாக்கணும், அவங்ககிட்டயே கேளுங்க, அந்த சில பேருக்கு வெளியில இருந்து வாங்கிக் குடுக்கிறது சுலபம்.

அலர்ஜி விஷயத்துல மட்டும் ஒரு காசு கூட மிச்சம் பிடிக்கப் பாக்காதீங்க. ஐரோப்பிய யூனியன் சட்டத்துல 14 அலர்ஜன், அதாவது அலர்ஜி உண்டாக்குற பொருள் லிஸ்ட் இருக்கு, அமெரிக்கச் சட்டத்துல 9, அதுல எள்ளு 2023ல சேர்ந்தது. உங்க ஊர் சட்டம் எதுவா இருந்தாலும் அந்த 14 லிஸ்டை செக்லிஸ்டா வெச்சுக்கலாம். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் முன்னாடி என்னென்ன சேர்ந்திருக்குன்னு எழுதின அட்டை வைங்க. ஸ்பெஷல் சாப்பாடு கேட்டவங்களோட தட்டைப் பேர் எழுதித் தனியா எடுத்து வைங்க, பொது வரிசைல வெச்சா மத்தவங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க, அதைச் சாப்பிட முடிஞ்ச ஒரே ஆள் பட்டினி கிடப்பார்.

படி 6: காபி டீ தண்ணி

பார்க்கச் சின்னதா தெரியும், ஆனா ஹோட்டல் பில்லுல கையைக் கடிக்கிறது இதுதான். தலைக்கு இவ்வளவுன்னு நாள் முழுக்க காபி பேக்கேஜ் எடுக்காதீங்க, லிட்டர் கணக்குல தர முடியுமான்னு கேளுங்க. 150 மில்லி கப்புக்கு ஒரு லிட்டர்ல ஆறு கப்புக்குக் கொஞ்சம் மேல வரும், 100 பேர் இருக்கிற பிரேக்குக்கு காபி டீ எல்லாம் சேர்த்து 20 லிட்டர்னா ஆளுக்கு ஒண்ணு, கொஞ்சம் பேருக்கு ரெண்டாவது கப்பும் ஆச்சு. நீங்களே போடுறதா இருந்தா ஃபில்டர் காபிக்கு (நம்ம ஊர் டிகாஷன் இல்லை, வெந்நீர் ஊத்தி வடிகட்டி அப்படியே குடிக்கிற வகை) லிட்டருக்கு 55 முதல் 60 கிராம் தூள் போட்டா சரியா இருக்கும்.

வாடகைக்கு எடுக்கிற பெரிய காபி பாத்திரத்துல "100 கப்"னு போட்டிருந்தா அது பெரும்பாலும் 150 மில்லி கப் கணக்கு, அதாவது 15 லிட்டர். நீங்க 240 மில்லி கப் வாங்கி வெச்சா அதே பாத்திரத்துல 62 கப்தான் வரும், அப்புறம் எப்படித் தீர்ந்துச்சுன்னு தலையைப் பிச்சுக்குவீங்க. சின்னக் கப் வாங்குங்க, வேணுங்கிறவங்க இன்னொரு தடவை ஊத்திக்கட்டும், பாதி குடிச்சு வெச்ச பெரிய கப்புங்க ஹால் முழுக்க நிக்காது.

பாட்டில் தண்ணியைத் தூக்கிடுங்க. குடிக்கிற தண்ணி நல்லா வர்ற இடம்னா ஜக் வைங்க, இல்லைனா பெரிய கேன் டிஸ்பென்சர், பாட்டில் கொண்டு வரச்சொல்லி மெயில்லயே சொல்லிடுங்க. ஜூஸ், கூல் டிரிங்க்ஸ் வெச்சே ஆகணும்னா திறந்த பாட்டிலுக்கு மட்டும் காசுங்கிற முறையில வாங்குங்க.

படி 7: பரிமாறுறது

2013ல நார்வே ஹோட்டல்கள்ல பண்ண ஒரு ஆய்வு வெளியாச்சு. பஃபேல தட்டோட அளவைக் குறைச்சப்போ வீணாகுற சாப்பாடு ஏறக்குறைய 20% குறைஞ்சுது. "எத்தனை தடவை வேணாலும் வந்து எடுத்துக்கலாம்"னு ஒரு போர்டு வெச்சதுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பலன் கிடைச்சுது. ரெண்டுக்கும் செலவு ஒண்ணுமே இல்லை. சின்னத் தட்டு, ஒரு போர்டு, ரெண்டையும் பண்ணிடுங்க.

பஃபே வரிசைல வயிறு நிறையிற மலிவான ஐட்டம் முதல்ல, விலை கூடினது கடைசில. சாலட், பிரட், சோறு மாதிரி எதுவா இருந்தாலும் அது முதல்ல வந்தா தட்டு பாதி நிறைஞ்சுதான் அடுத்ததுக்குப் போவாங்க. எல்லாத்தையும் ஒரே தடவையா வெளில வைக்காம பாதியை உள்ள வெச்சு, தீரத்தீர எடுத்துட்டு வாங்க, உள்ள சூடாவோ குளிராவோ சரியா இருந்த பாத்திரம் மிஞ்சினா அதை வேற யாருக்காவது குடுக்கவும் முடியும். பொட்டலம் போட்டுக் குடுக்கிறது பஃபேயை விடக் கணக்குக்கு நல்லது, ஒரு ஆளுக்கு ஒண்ணு, தீர்ந்தது, ஆனா பிடிக்காததை அப்படியே வெச்சுட்டுப் போறதும் இதுலதான். 100 பேருக்குக் கீழன்னா பொட்டலம், அதுக்கு மேலன்னா நம்ம ஆளு ரெண்டு பேர் நின்னு பரிமாறுற பஃபே, இது என்னோட தேர்வு.

படி 8: நாமே சமைச்சா?

பணம் மிச்சம் ஆகும், உண்மைதான், ஆனா வாலண்டியருங்க அலுப்பும் ஒரு செலவுதான். ஸ்டேஜ், ரெக்கார்டிங், ரெஜிஸ்ட்ரேஷன் பாக்குற அதே ஆளுங்க தலைல சமையலையும் கட்டாதீங்க. தனியா ஒரு சமையல் டீம் விரும்பி முன்வந்தா மட்டும் பண்ணுங்க, அப்பவும் உங்க ஊர்ல இதுக்கு அனுமதி, லைசென்ஸ் ஏதாவது வேணுமான்னு கேட்டுட்டுப் பண்ணுங்க. நடுவுல ஒரு நல்ல வழி இருக்கு: சூடான மெயின் ஐட்டத்தை மட்டும் கேட்டரர்கிட்ட பெரிய பாத்திரத்துல மொத்தமா வாங்கிக்கிட்டு, பழம், ஸ்நாக்ஸ், தட்டு, டிஷ்யூ எல்லாத்தையும் மொத்த விலைக் கடைல நீங்களே வாங்குறது. உழைப்பு கம்மி, மிச்சம் கணிசம்.

யார் சமைச்சாலும் பாதுகாப்பு விதி ஒண்ணுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்றது, சூடான சாப்பாடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ, சமைச்ச சாப்பாடு வெளில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது. வெயில் அதிகம்னா அதுக்கும் முன்னாடியே எடுத்துடுங்க. ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிடுங்க, அதோட விலை ஒண்ணுமே இல்லை.

படி 9: ஸ்பான்சர்

"பணம் குடுங்க"ன்னு கேக்கிறதை விட "முதல் நாள் மதியக் காபியை நீங்க எடுத்துக்கிறீங்களா"ன்னு கேட்டா சின்னக் கம்பெனிங்க சீக்கிரம் ஒத்துக்கும், அளவும் தெரியுது, பேர் எங்க வரும்னும் தெரியுது. பொருளா குடுக்க வந்தா வாங்கிக்கலாம், ஆனா படி 3ல கேட்ட கேள்விக்கு ஹால்காரங்க என்ன சொன்னாங்கன்னு பார்த்துக்கோங்க. ஸ்பீக்கர் டின்னர்னு ஒண்ணு இருந்தா அதை பட்ஜெட்ல இருந்து முழுசா எடுத்து ஸ்பான்சர்கிட்ட குடுங்க, ஸ்பான்சர் கிடைக்கலைன்னா எல்லாரும் சேர்ந்து போய் அவங்கவங்க பில்லை அவங்கவங்க கட்டுற மாதிரி வைங்க. நூறு பேரோட டீயை நிறுத்திட்டு பத்து பேருக்கு விருந்து வைக்கிறது சரியில்லை.

தொடவே கூடாதது

வாலண்டியர் சாப்பாடு. காலைல எல்லாருக்கும் முன்னாடி வந்து ராத்திரி எல்லாருக்கும் அப்புறம் போறவங்க வயித்துல கை வைக்காதீங்க. மத்தவங்களுக்குச் சாப்பாடே இல்லைன்னாலும் இவங்களுக்கு உண்டு, காலையில இருந்து. டெஸ்க்கை விட்டு நகர முடியாதவங்களுக்குத் தட்டை முதல்லயே எடுத்து வெச்சு, கொண்டு போய்க் குடுக்க ஒரு ஆளைப் போடுங்க. வரிசை முடிஞ்சதும் மிஞ்சினதைச் சாப்பிட்டுக்கட்டும்னு விடுற டீமுக்கு அடுத்த வருஷம் ஆள் கிடைக்கிறது கஷ்டம், அது நியாயமும்தான். அதே மாதிரி தண்ணி, நாள் முழுக்க, எல்லாருக்கும்.

படி 10: மிஞ்சினதும், எழுதி வைக்கிறதும்

2022ல உலகம் முழுக்க 105 கோடி டன் சாப்பாடு வீணாச்சுன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோட 2024 அறிக்கை சொல்லுது, அதுல 28% உணவகம், கேட்டரிங் மாதிரி இடங்கள்ல. நம்ம கான்ஃபரன்ஸும் அந்தக் கணக்குல சேர வேணாம். மிஞ்சினதை வாங்கிக்கிற அமைப்பு பக்கத்துல இருக்கான்னு ஒரு மாசம் முன்னாடியே பேசுங்க, எத்தனை மணிக்கு வருவாங்க, என்ன மாதிரி சாப்பாடு எடுத்துக்குவாங்க, பாத்திரம் யார் தரணும்னு கேளுங்க. அன்னைக்கு சாயந்திரம் தேடினா கிடைக்காது. பஃபேல வெளிய வெச்சதை அவங்க பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க, உள்ள வெச்சிருந்ததைத்தான் எடுப்பாங்க, படி 7ல சொன்னது இதுக்கும் உதவுது. பார்ட்டிசிபன்ட்ஸ் எடுத்துட்டுப் போக ரெண்டு டஜன் டப்பா வைங்க, ஆனா ரெண்டு மணி நேரம் தாண்டினதை யாருக்கும் குடுக்காதீங்க.

அன்னைக்கே, ஹாலைப் பூட்டுறதுக்கு முன்னாடி, ஒருத்தர் ஒரு ஷீட்ல எழுதட்டும்: ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை பேர் டிக் பண்ணாங்க, எத்தனை பேர் ரீகன்ஃபர்ம் பண்ணாங்க, கேட்டரருக்கு என்ன எண்ணிக்கை சொன்னோம், உண்மையில எத்தனை தட்டு போச்சு, எது முதல்ல தீர்ந்துச்சு, எது எவ்வளவு மிஞ்சுச்சு, எத்தனை லிட்டர் காபி போச்சு. தட்டு எண்ணுறது சுலபம், ஆரம்பத்துல எத்தனை அடுக்கினோம், கடைசில எத்தனை மிச்சம், கழிச்சா வந்துடும். பில் வந்ததும் அதையும் ஸ்கேன் பண்ணி அதே ஃபோல்டர்ல போட்டு, அடுத்த வருஷம் சாப்பாடு பாக்கப்போறவங்களுக்கு ஆக்சஸ் குடுத்துடுங்க. அவங்க படி 4க்கு வரும்போது 70%-ன்னு குத்துமதிப்பா வெச்சுக்க வேண்டியிருக்காது, உங்க கான்ஃபரன்ஸோட சொந்த சதவீதமே கைல இருக்கும்.